வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பாக்கி கேட்டால் என்ன செய்வது?

சேலம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சரக்கு ஏற்றும் சிறிய வண்டி ஒன்றை, நிதி நிறுவனத்தில் 6,00,000 ரூபாய் கடன் வாங்கி எடுத்தார். 10 சதவீதம் ஃபிளாட் வட்டி, 48 தவணை, மாதம் 17,500 ரூபாய். 18 தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு ஓட்டம் குறைந்து நான்கு தவணை நின்றது. சீஸ் செய்ய ஆள் வந்து தெருவில் அவமானப்பட வேண்டாம் என்று, அவரே வண்டியை நிறுவனத்தின் யார்டுக்கு ஓட்டிச்சென்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். சில நாட்களில் வண்டி ஏலம் போய்விட்டது. இப்போது நிறுவனத்திலிருந்து கடிதம்: வண்டி 2,90,000 ரூபாய்க்கு விற்றது, இன்னும் 2,95,000 ரூபாய் பாக்கி, ஏழு நாளில் கட்டவும். ஜாமீன் போட்ட மைத்துனருக்கும் அதே கடிதம் போயிருக்கிறது. “வண்டியையே கொடுத்துவிட்டேன், பிறகு எதற்குப் பணம்? லண்டனில் இருக்கும் உறவினர், பாதி கட்டியிருந்தால் வண்டியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்கிறாரே?” என்பது அவர் கேள்வி.

வாகனக் கடன் நிறுவனம் ஒன்றின் சட்டப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் நேராகவே சொல்லிவிடுகிறேன். வண்டியைக் கொடுத்ததால் கடன் முடியவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் இருக்கும் 2,95,000 என்பது நிறுவனம் கேட்கும் தொகை. எந்த நீதிமன்றமும் அதை உங்கள் கடன் என்று தீர்மானிக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அதில் கிட்டத்தட்ட பாதியைக் கேள்வி கேட்க இடம் இருக்கிறது.

முதலில் லண்டன் விஷயம். உறவினர் சொன்னது அங்கே உண்மைதான். பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 99, 100 ஆகிய பிரிவுகளில், தவணைக் கொள்முதலில் (ஹயர் பர்ச்சேஸ், அதாவது கடைசித் தவணை கட்டும் வரை வண்டி நிறுவனத்துக்கே சொந்தம்) வண்டி எடுத்தவர் ஒப்பந்தத்தை நடுவில் தானாக முடித்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. வட்டியும் சேர்த்த மொத்த விலையில் பாதி வரைதான் அவர் பொறுப்பு. முன்பே நின்றுபோன தவணைகள் அந்தப் பாதியைத் தாண்டினால் அவையும், வண்டியைச் சரியாகப் பராமரிக்காததால் வந்த சேதமும் மட்டும் அதற்குமேல் சேரும். இந்தியாவில் அப்படி ஒரு பாதிக் கணக்கு கிடையாது. 1972-இல் தவணைக் கொள்முதலுக்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் கிடந்து 2005-இல் நீக்கப்பட்டது. இன்று இங்கே நடப்பதில் பெரும்பகுதி தவணைக் கொள்முதலே இல்லை. கடன் வாங்கி, வண்டியை உங்கள் பெயரில் பதிந்து, அதை நிறுவனத்துக்கு ஈடாகக் காட்டுகிறீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் எச்.பி. (ஹைப்பாதிகேஷன்) என்று இருப்பது அந்த ஈட்டின் பதிவு. ஈட்டை விற்ற பணம் கடனுக்குப் போதவில்லை என்றால் மீதிக்குக் கடன் வாங்கியவரே பொறுப்பு. நீங்கள் சாவி கொடுத்தபோது கையெழுத்திட்ட சரண்டர் கடிதத்திலும் அநேகமாக இதே வரி இருக்கும். அதன் நகல் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள்.

இனி கணக்கு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும்.

ஃபிளாட் வட்டி என்றால் 6,00,000-க்கு ஆண்டுக்கு 60,000, நான்கு ஆண்டுக்கு 2,40,000. மொத்தம் 8,40,000, அதை 48-ஆல் வகுத்தால் 17,500. கடன் வாங்கியவர் மனத்தில் ஒவ்வொரு தவணையிலும் 12,500 அசலுக்கும் 5,000 வட்டிக்கும் போகிறது என்ற எண்ணம் இருக்கும். அப்படியானால் 18 தவணைக்குப் பிறகு அசல் 3,75,000 தான் மீதி இருக்க வேண்டும். நிறுவனத்தின் புத்தகம் அப்படி ஓடுவதில்லை. அது குறையும் அசலுக்கு வட்டி போடுகிறது. 10 சதவீத ஃபிளாட் என்பது அந்த முறையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 17.6 சதவீதம், மாதத்துக்கு 1.47. முதல் தவணையில் 8,800 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 8,700 மட்டும். இப்படிக் கணக்கிட்டால், 3,15,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் சுமார் 4,22,000 நிற்கும். கசப்பாக இருந்தாலும் இந்தத் தொகை நியாயமான கணக்குதான். இதை எதிர்த்துச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதம் 4,22,000-இல் தொடங்கவில்லை. அது எப்படிப் போட்டிருக்கிறது பாருங்கள். மீதி 30 தவணை, ஒவ்வொன்றும் 17,500, ஆக 5,25,000. தாமதக் கட்டணம் 38,000. வண்டி மீட்புச் செலவு 15,000. யார்டு வாடகை 7,000. கூட்டினால் 5,85,000. அதில் ஏலத் தொகை 2,90,000 கழித்து 2,95,000. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. எதைக் கூட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

அந்த 30 தவணைகளில் 26 தவணைகளுக்கு வண்டி விற்ற நாளில் இன்னும் கட்டவேண்டிய தேதியே வரவில்லை. வராத மாதங்களுக்கான வட்டியையும் முழுமையாகச் சேர்த்திருக்கிறார்கள். விற்ற பணம் நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டது. அதை அவர்கள் வேறொருவருக்குக் கடன் கொடுத்து அங்கும் வட்டி வாங்குவார்கள். முறையாகப் பார்த்தால் அசல் 4,22,000, விற்பனை வரை நான்கு மாத வட்டி சுமார் 25,000, இரண்டும் சேர்ந்து 4,47,000. அதில் 2,90,000 போனால் மீதி 1,57,000. இதன்மேல் நியாயமான தாமதக் கட்டணம் கொஞ்சம் சேரலாம். கடிதத்துக்கும் இதற்கும் இடையே வித்தியாசம் 1,38,000 ரூபாய். அதில் 78,000 வராத காலத்தின் வட்டி, 60,000 கட்டணங்கள்.

வராத வட்டியைக் கேட்கக் கூடாது என்று சட்டத்தில் நேரடியாக ஒரு வரி இல்லை. தவணை தவறினால் மொத்தத் தொகையும் உடனே செலுத்தத்தக்கது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்புதான். நிறுவனங்களுக்கும் இது தெரியும். தானாக முன்வந்து கடனை முடிக்க வருபவரிடம் அசலும் ஒரு முன்முடிப்புக் கட்டணமும்தான் வாங்குகிறார்கள். தவறியவரிடம் மட்டும் முழுத் தவணையையும் போட்டுக் கடிதம் அனுப்புகிறார்கள், கேட்காதவர் கட்டிவிடுவார் என்பதால். நானே அப்படிப்பட்ட கடிதங்களைத் தயாரித்த அலுவலகத்தில் இருந்தவன். கணக்கு கேட்டவருக்கு வேறு தொகை வரும் என்பது அங்கே யாருக்கும் ரகசியமில்லை.

அடுத்து 38,000 ரூபாய் தாமதக் கட்டணம். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, கட்டணமாக மட்டுமே வசூலிக்கலாம், அந்தக் கட்டணத்தின்மேல் வட்டி ஏற்றக் கூடாது என்கிறது. 2024-இல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய கடன்களுக்கும் அந்த ஆண்டு ஜூன் 30-க்குள் மாற்றியாக வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. நான்கு தவணைகள், அதாவது 70,000 ரூபாய் நின்றதற்கு 38,000 தாமதக் கட்டணம் என்பது எந்த வகையில் நியாயம் என்று எழுத்தில் கேளுங்கள். கடன் வாங்கிய தேதியை நீங்கள் எழுதவில்லை. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருந்தால் உங்களுக்கு ‘முக்கிய விவர அறிக்கை’ என்ற தாளைக் கொடுத்திருக்க வேண்டும். அதில் ஆண்டு வட்டி விகிதமும் எல்லாக் கட்டணங்களும் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

மீட்புச் செலவு 15,000 என்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. வண்டியை ஓட்டிவந்து விட்டவர் நீங்கள். யாரை அனுப்பி, எங்கிருந்து மீட்டார்கள்? சரண்டர் கடிதத்தின் நகல் கையில் இருந்தால் இந்த ஒரு வரி உடனே அடிபட்டுவிடும்.

விற்பனைக்கு வருவோம். வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள், கடன் ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கின்றன: வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், எந்தச் சூழலில் நோட்டீஸ் தேவையில்லை, எடுக்கும் முறை, விற்பதற்கு முன் பணம் கட்ட ஒரு கடைசி வாய்ப்பு, கட்டினால் வண்டியைத் திருப்பித் தரும் முறை, ஏலம் விடும் முறை. ஆகவே உங்கள் கேள்வி, “விற்பதற்கு முன் எனக்குக் கடைசி வாய்ப்பு கொடுத்து நோட்டீஸ் அனுப்பினீர்களா, எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு?” என்பதாக இருக்க வேண்டும். பலருக்கு அந்த நோட்டீஸ் வந்தே இருக்காது. அல்லது காலிசெய்த பழைய வாடகை வீட்டுக்குப் போயிருக்கும்.

விலை குறைவாகப் போனது என்று மட்டும் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள். வண்டியின் காப்பீட்டுப் பத்திரத்தை எடுங்கள். அதில் ஐ.டி.வி. என்று வண்டியின் மதிப்பு இருக்கும். ஏல விலை அதைவிடக் குறைவாக இருப்பது இயல்பு. ஏலத்தில் எடுப்பவர் வியாபாரி, அவருக்கு லாபம் வேண்டும். ஆனால் ஐ.டி.வி. 4,20,000 என்று இருந்து, ஓடும் நிலையில் நீங்களே ஒப்படைத்த வண்டி 2,90,000-க்குப் போயிருந்தால், விளக்கம் கேட்க உங்களுக்கு முகாந்திரம் இருக்கிறது. எத்தனை பேர் ஏலம் கேட்டார்கள், மதிப்பீட்டு அறிக்கை என்ன சொல்கிறது, வாங்கியவர் யார், பணம் எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது என்று கேளுங்கள். வரவு வைத்த தேதியைப் பலர் கேட்பதில்லை. ஏலம் நடந்து இரண்டு மாதம் கழித்துக் கணக்கில் சேர்த்தால் அந்த இரண்டு மாத வட்டியும் உங்கள் தலையில் விழும்.

இவ்வளவையும் தொலைபேசியில் பேசாதீர்கள். வசூல் பிரிவில் பேசுபவருக்கு உங்கள் கணக்கைத் திருத்தும் அதிகாரம் இல்லை. நிறுவனத்தின் பதிவு அலுவலக முகவரிக்கும் குறைதீர் அலுவலருக்கும் ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல். ஒப்பந்தத்தின் முழு நகல், தொடக்கம் முதல் இன்று வரையான கணக்கு அறிக்கை, தவணை அட்டவணை, ஏல ஆவணங்கள், ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். ஒப்பந்த நகலைக் கடன் கொடுக்கும்போதே தந்திருக்க வேண்டும் என்பதும் அதே நியாய நடைமுறை விதிகளில்தான் இருக்கிறது. கடிதத்தில் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும்: “2,95,000 ரூபாய் பாக்கியை ஒப்புக்கொள்கிறேன், அவகாசம் தாருங்கள்” என்று எழுதிவிடாதீர்கள். “தாங்கள் குறிப்பிடும் தொகையை நான் ஏற்கவில்லை, கணக்கு கிடைத்த பின் சரியான தொகையைப் பற்றிப் பேசத் தயார்” என்று எழுதுங்கள். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவின்படி, வழக்குப் போட நிறுவனத்துக்கு உள்ள மூன்று ஆண்டுக் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கும். உங்கள் கையெழுத்தோடு பகுதித் தொகை கட்டினாலும் 19-ஆம் பிரிவில் அதே விளைவு. “ஐந்நூறு ரூபாயாவது போடுங்கள், கேஸ் போகாமல் பார்த்துக்கொள்கிறேன்” என்று கெஞ்சும் வசூல்காரர் உங்கள்மேல் இரக்கப்பட்டுக் கேட்பதில்லை.

அதற்காக மூன்று ஆண்டு ஒளிந்திருக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். நிறுவனங்கள் அவ்வளவு நாள் சும்மா இருப்பதில்லை. நடுவர் மன்றம் போவார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாகனக் கடனில் மக்கள் அதிகம் நஷ்டப்படுவது இங்கேதான். உங்கள் ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் நடுவர் தீர்ப்பார் என்று ஒரு பிரிவு நிச்சயம் இருக்கும். இடம் சென்னை என்றோ வேறு ஊர் என்றோ போட்டிருக்கும். ஒரு நாள் வழக்கறிஞர் ஒருவரின் பெயரில் நோட்டீஸ் வரும்: நான் நடுவராக நியமிக்கப்பட்டிருக்கிறேன், இந்தத் தேதியில் ஆஜராகவும். பெரும்பாலானவர்கள் இது நீதிமன்றம் இல்லையே என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு எழுதப்படும், அநேகமாக நிறுவனம் கேட்ட தொகைக்கே. அந்தத் தீர்ப்புக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. 1996-ஆம் ஆண்டின் நடுவர் மற்றும் சமரசச் சட்டம், 36-ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட்டுவிடலாம். எதிர்க்க வேண்டுமானால் தீர்ப்பு கையில் கிடைத்ததிலிருந்து மூன்று மாதம், தக்க காரணம் காட்டினால் மேலும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது.

ஆனால் அந்த நோட்டீஸிலேயே உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. தகராறில் ஒரு தரப்பாக இருப்பவர் தன்னிச்சையாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. 2024-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும், ஒரு தரப்பு மட்டும் ஒற்றை நடுவரை நியமிப்பது நடுநிலைக்கு ஒவ்வாது என்று சொல்லிவிட்டது. ஆகவே நோட்டீஸ் வந்த உடனே, “இந்த நியமனத்துக்கு என் சம்மதம் இல்லை, நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவின்படி ஆட்சேபிக்கிறேன்” என்று பதில் அனுப்புங்கள். தகராறு எழுந்த பிறகு நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே அந்த ஆட்சேபம் போகும். அதனால் ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டி’ என்று நீட்டும் தாளில் கையெழுத்திடாதீர்கள். லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) அழைப்பு வந்தால் போகலாம், பல நேரம் நல்ல தள்ளுபடி அங்கே கிடைக்கும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. கணக்கு கைக்கு வராமல் அங்கே தலையசைக்காதீர்கள்.

கடன் வாங்கும்போது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகள் கொடுத்திருந்தால் அது தனிக் கவலை. அதில் முழுத் தொகையைப் போட்டு வங்கியில் செலுத்தித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரலாம். முதலில் நோட்டீஸ் வரும். அது கிடைத்த 15 நாளில் கட்டவில்லை என்றால் புகார். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் அனுமதி திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் அதே மாதிரி நடவடிக்கை உண்டு. இந்த நோட்டீஸுக்கு மட்டும் பதில் போடாமல் இருக்கவே கூடாது. 2022-இல் உச்ச நீதிமன்றம், காசோலை வங்கியில் செலுத்தப்படும் நாளில் அதில் உள்ள தொகை சட்டப்படி வரவேண்டிய கடனாக இருக்க வேண்டும், இடையில் பகுதி கட்டப்பட்டிருந்தும் முழுத் தொகைக்குப் போட்டால் 138 பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. வண்டி விற்ற பணத்தைக் கழிக்காமல் காசோலை நிரப்பப்பட்டிருந்தால் வழக்கறிஞரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

சிறைக்குப் போக நேருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வசூலுக்கு வருபவர் சொல்லியிருப்பார். கடன் பாக்கி சிவில் விஷயம். கட்ட வசதி இருந்தும் கட்டாமல் ஏமாற்றுபவரைத் தவிர, வெறும் இயலாமைக்காக ஒருவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-லேயே ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. காசோலை வழக்கு மட்டும் குற்றவியல் தன்மை கொண்டது, அதனால்தான் மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னேன். தீர்ப்பு வந்து ஜப்தி வரை போனாலும் சம்பளத்தில் முதல் ஆயிரம் ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, உறவினர்களையும் நண்பர்களையும் தொல்லை செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் உத்தரவு. மீறினால் அழைப்புப் பதிவோடு புகார் கொடுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது? முதலில் நிறுவனத்துக்கு. 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையம் வழியாக, கட்டணம் இல்லாமல். ஆனால் அதே விஷயம் ஏற்கெனவே நீதிமன்றத்திலோ நடுவரிடமோ இருந்தால் அவர் எடுக்க மாட்டார். அதனால் இந்தப் படிகளைத் தள்ளிப்போடாமல் இந்த மாதமே தொடங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. வண்டி வணிகத்துக்கானது, நீங்கள் நுகர்வோர் இல்லை என்று நிறுவனம் வாதிடும். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவர் நுகர்வோரே என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. ஒரே வண்டியை நீங்களே ஓட்டியிருந்தால் அது உங்களுக்குப் பொருந்தும். கெடு இரண்டு ஆண்டு. நடுவர் தீர்ப்பு வந்துவிட்ட பிறகு இந்தக் கதவைத் தட்டுவதில் பலன் குறைவு.

கணக்கு வந்து, தொகை ஏறக்குறைய 1,60,000 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இரண்டு வழி. தவறான கட்டணங்களை நீக்கித் திருத்திய தொகையை முழுமையாகக் கட்டுவது ஒன்று. அப்படிக் கட்டினால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கடன் ‘முடிந்தது’ என்று பதியப்பட வேண்டும். உண்மையான பாக்கியிலேயே தள்ளுபடி கேட்டு, உதாரணமாக ஒரு லட்சத்துக்கு முடித்துக்கொள்வது இன்னொன்று. அப்போது ‘செட்டில்டு’ என்று பதிவாகும். அடுத்த கடன் கேட்கும்போது அது கண்ணை உறுத்தும். வசூல் பிரிவினர் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவார்கள். 2,95,000-இல் ‘தள்ளுபடி’ கொடுத்து 1,70,000-க்கு முடிக்கிறோம் என்பார்கள். நீங்கள் கட்டவேண்டிய முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, அறிக்கையில் ‘செட்டில்டு’ என்றும் போட்டுவிடுவார்கள். அதனால் முதலில் தொகையைத் திருத்தச் சொல்லுங்கள், தள்ளுபடிப் பேச்சைப் பிறகு எடுங்கள். என் கருத்தைக் கேட்டால், இன்னொரு வண்டி எடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், தவணையாகப் பிரித்தாவது முழுத் தொகையைக் கட்டி ‘முடிந்தது’ வாங்குங்கள். இனிக் கடனே வேண்டாம் என்ற நிலையில் இருந்தால் தள்ளுபடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த வழியானாலும் பணம் கொடுப்பதற்கு முன் நிறுவனத்தின் தலைப்புத் தாளில் கடிதம் வேண்டும். கடன் எண், தொகை, கடைசித் தேதி, இதற்கு மேல் உங்களிடமும் ஜாமீன்தாரரிடமும் எந்தக் கோரிக்கையும் இல்லை, போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுகிறோம், காசோலைகளைத் திருப்பித் தருகிறோம், சிபிலில் இன்னபடி பதிவோம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பணத்தை நிறுவனத்தின் கடன் கணக்குக்கு வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். முகவரின் செல்பேசி எண்ணுக்கு அனுப்பிய பணம் கணக்கில் ஏறாத கதைகள் ஏராளம். கட்டிய பிறகு என்.ஓ.சி. (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கி, சில வாரம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது.

மைத்துனரைப் பற்றி. ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் உங்கள் பொறுப்பும் ஒரே அளவு. நிறுவனம் உங்களை விட்டுவிட்டு நேராக அவரிடமே போகலாம். ஆனால் 141-ஆம் பிரிவு அவருக்கு ஒரு கவசம் தருகிறது: கடன் கொடுத்தவர் ஈட்டுப் பொருளை ஜாமீன்தாரரின் சம்மதமில்லாமல் இழந்தாலோ கைவிட்டாலோ, அந்த மதிப்பளவுக்கு அவர் பொறுப்பு குறையும். வண்டியை மலிவாகத் தள்ளிவிட்டார்கள் என்ற வாதத்தை அவரும் தனியாக எழுப்பலாம். விற்பதற்கு முன் தனக்கும் நோட்டீஸ் வரவில்லை என்றால் அதையும் எழுதட்டும். உங்கள் கடிதத்தை நகலெடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பாமல், அவர் பெயரில் தனிக் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் மனக்கசப்பு வரும் முன் கணக்குத் தாளை அவரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

கடைசியாக ஆர்.சி. வண்டி கைமாறிவிட்டது, ஆனால் பதிவில் இன்னும் உங்கள் பெயரே இருக்கலாம். மத்திய அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். நிறுவனம் வண்டியை எடுத்துக்கொண்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவின்படி தன் பெயருக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. பல நேரம் அதைச் செய்யாமல் நேராக வாங்கியவர் பெயருக்கு மாற்றக் காத்திருப்பார்கள். அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கில் பதிவில் உள்ள உரிமையாளரைத்தான் முதலில் இழுப்பார்கள். பதிவில் இருப்பவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு, இன்ன தேதியில் இன்ன நேரத்தில் வண்டியை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டேன் என்று சரண்டர் நகலோடு கடிதம் கொடுத்து, முத்திரை வாங்கி வையுங்கள். ஃபாஸ்டாகை உடனே முடக்குங்கள், இல்லையென்றால் புதியவர் ஓட்டும் சுங்கச்சாவடிப் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகும். காப்பீட்டில் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்கான சலுகை சேர்ந்திருந்தால் அது வண்டியோடு போகாது, உங்களுடையது. காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று கேட்டு வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுக்குள் அதே வகையில் வேறு வண்டி எடுக்கும்போது பயன்படுத்திக்கொள்ளலாம். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு ஒன்றையும் உங்கள் தலையில் கட்டியிருந்தால், கடன் முடிந்ததும் மீதிக் காலத்துக்கான பிரீமியம் திரும்பி வருமா என்று அதன் பத்திரத்தைப் பார்த்துக் கேளுங்கள்.